கற்பனைஸ்வரத்தை எழுதிவைத்துப் பாடினால் அது கற்பனையா?

வண்டல்மண் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிற்பம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. ஏழு வயதிலிருந்து பாட்டும் கற்றுக்கொள்கிறேன். மூன்று வாரமாக ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. வீட்டில் கேட்டால் "சாப்பிட்டுப் படு" என்கிறார்கள். அதனால் இங்கே வந்தேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவராத்திரிக்கு ஒரு வீட்டுக் கொலுவில் அரை மணி நேரம் பாடக் கூப்பிட்டார்கள். மோகன ராகத்தில் ஒரு கிருதி, ஆதி தாளம், அதற்குக் கற்பனைஸ்வரம், அதாவது பாட்டின் ஒரு வரிக்கு ஸ்வரங்களை அந்த நேரத்தில் தோன்றியபடி கோத்துப் பாடுவது. எங்கள் டீச்சர் ஸ்வரத்தை முன்கூட்டியே நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நாலு, இரண்டு ஆவர்த்தனத்துக்கு மூன்று, கடைசியில் ஒரு கோர்வை, அதாவது கணக்குப் பார்த்து அமைத்த முடிவு. நான் அதை மனப்பாடம் செய்து, அப்போதுதான் தோன்றியதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு பாடுவேன். இதுவரை மாட்டிக்கொண்டதில்லை.

அன்று மாட்டிக்கொண்டேன். மிருதங்கம் வாசித்த அண்ணா எனக்குப் புதியவர். காலப்பிரமாணம் (வேகம்) நான் பழகியதைவிடக் கொஞ்சம் ஓடியது. கோர்வையில் எங்கோ ஒரு மாத்திரையை, தாளக் கணக்கின் ஒரு சிறு துளியை, விழுங்கிவிட்டேன். ஒன்றே ஒன்று. ஆனால் எனக்குத் தெரிந்த பாதை அது ஒன்றுதான், அது அறுந்ததும் அடுத்து எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. ஸட்ஜத்தை (ஸ) பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அண்ணா நல்ல மனிதர், சின்னதாக ஒரு தீர்மானம் (முடிவைக் காட்டும் அடி) வைத்து என்னைப் பல்லவியில் கொண்டுவந்து சேர்த்தார். சுண்டல் கொடுக்கும்போது ஒரு மாமி "நன்னா கற்பனை பண்றே கொழந்தே" என்றார். தப்புப் பண்ணியதைவிட அதுதான் வலித்தது.

இன்னொரு பக்கம், விடுமுறையில் சுவாமிமலையில் ஒரு பட்டறைக்குப் போய் மெழுகு வேலை கற்றுக்கொள்கிறேன். அங்கே எல்லாம் அளவு. தென்னை ஓலையில் ஈர்க்கை நீக்கி, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அடையாளம் போடுவார்கள். சிவன் என்றால் உத்தம தசதாளம் என்ற அளவுமுறை, உயரத்தில் 124 பங்கு. பார்வதி என்றால் மத்திமம், 120. நெற்றி எங்கே, மூக்கு எங்கே, தொப்புள் எங்கே எல்லாம் ஓலையிலேயே இருக்கிறது. போன மாதம் ஒரு சின்ன அம்மன் மெழுகில் உதட்டோரத்தை லேசாகத் தூக்கிச் சிரிப்பைக் கூட்டினேன். பெரியவர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரலால் அதை அழுத்திச் சமம் செய்தார். பிறகு, "சிரிப்பை உதட்டில் தேடாதே, இடுப்பு வளைவைச் சரியாகப் பிடி, முகம் தானாகச் சிரிக்கும்" என்றார். செய்து பார்த்தேன். சிரித்தது. ஆனால் அது நான் சிரிக்க வைத்ததா, ஓலை சிரிக்க வைத்ததா?

மூன்றாவது என் அம்மா. சின்ன மெஸ் வைத்திருக்கிறார். மதியம் எது மிச்சமோ அதிலிருந்துதான் ராத்திரிக் கறி பிறக்கும். ஒரு நாள் புளி தீர்ந்துவிட்டது, கடையும் இல்லை. மாங்காய் வற்றலை ஊறப்போட்டு ஒரு குழம்பு வைத்தார். ஒரு வாடிக்கையாளர் இன்றைக்கும் அதைக் கேட்கிறார். அம்மாவிடம் நோட்டும் இல்லை, ஓலையும் இல்லை.

இதுதான் என் கேள்வி. பாட்டில் "கற்பனை" என்று பெயர் வைத்துவிட்டு மனப்பாடம் செய்கிறேன். சிற்பத்தில் மனப்பாடம் என்று தெரிந்தே உட்கார்கிறேன், ஆனால் அங்கே ஏதோ நடக்கிறது. அம்மா எதையும் கற்பனை என்று சொல்வதே இல்லை. இந்த மூன்றில் எது படைப்பு?

---

நேர்கோடு

எழுதிவைத்துப் பாடினால் அது கற்பனை இல்லை. விடைத்தாளைப் பார்த்து எழுதுவதற்குப் பெயர் வேறு. உங்களுக்கே தெரிந்த பதிலை எதற்கு 400 வார்த்தையில் கேட்கிறீர்கள்?

---

பாதிவிலை

நேர்கோடு ஐயா, இன்றைக்குக் காபி குடிக்கவில்லையா?

---

ஐந்தரைக்கட்டை

நான் 22 வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். எழுதிக் கொடுக்கும் டீச்சர்களில் நானும் ஒருத்தி, அதனால் பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

எதற்கு எழுதிக் கொடுக்கிறோம்? பேசக் கற்கும் குழந்தைக்கு நாம்தான் வாக்கியத்தைக் கொடுக்கிறோம். "அம்மா பால் வேணும்" என்று நாம் சொல்லிக் குழந்தை திருப்பிச் சொல்கிறது. ஒரு நாள் அது "அம்மா நிலா வேணும்" என்கிறது. அந்த வாக்கியத்தை நாம் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்த ஸ்வரம் அந்தப் பால்தான். தவறு எங்கே என்றால், பத்து வருடம் கழித்தும் பாலையே கேட்டுக்கொண்டிருப்பது. அதில் பாதிக் குற்றம் எங்களுடையது. அரங்கேற்றத் தேதி நெருங்கும், பெற்றோர் கேட்பார்கள், நோட்டில் எழுதுவதுதான் சுலபம்.

உனக்கு நடந்ததைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், தங்கம். உன் கோர்வை எது என்று நீ சொல்லவில்லை. ஆரம்பநிலைக்கு எல்லோரும் கொடுக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஆதி தாளம், 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32. முடிவில் "ததிகிணதொம்" மூன்று தடவை வர வேண்டும். அது 5 மாத்திரை. நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி. 5, 1, 5, 1, 5. மொத்தம் 17. அப்படியானால் முன்னால் 15 மிச்சம். அந்த 15-ஐ என்ன செய்வது? 6, 5, 4 என்று இறக்கலாம். கூட்டிப் பார், 15.

இப்போது எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், இல்லாமல் ஒன்றரை அட்சரம் தள்ளி இருக்கிறது என்று வை. 6 மாத்திரை கூடுகிறது. 32 போய் 38. அதில் 17 கழித்தால் 21. அது 8, 7, 6. அதே வீடு, வாசல் மட்டும் தள்ளியிருக்கிறது.

நீ மனப்பாடம் செய்தது 32 மாத்திரையை. மனப்பாடம் செய்திருக்க வேண்டியது இரண்டே விஷயம்: கடைசியில் 17 வேண்டும், அதற்கு முன்னால் இருப்பது மிச்சம். அது தெரிந்தால் நடுவில் ஒன்றை விழுங்கினாலும் இடைவெளியை நீட்டிச் சமாளித்துவிடலாம். பெரிய வித்வான்கள் மேடையில் விழுங்காதவர்கள் என்று நினைக்காதே. விழுங்கியது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஓலையைப் பற்றி நீ எழுதியது எனக்குப் புதிது. அடி, அங்குலம் எல்லாம் கடைக்கோலில் இல்லாமல் அந்தச் சிலையின் உயரத்திலிருந்தே பிறக்கிறது என்றால், அது அப்படியே எங்கள் சுருதி. எனக்கு ஐந்தரைக் கட்டை, உன் மிருதங்க அண்ணா பாடினால் ஒரு கட்டையாக இருக்கலாம். ஸட்ஜம் இங்கே என்று யாரும் ஆணி அடித்து வைக்கவில்லை. அவரவர் உடம்பிலிருந்து ஸட்ஜம், ஸட்ஜத்திலிருந்து மற்றதெல்லாம்.

---

ஈற்றடி

பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நேர்கோடு அவர்களுக்கு ஒரு வார்த்தை.

நம் ஆட்கள் கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நாலாகப் பிரித்தார்கள். கேட்ட மாத்திரத்தில் பாடுவது ஆசுகவி. அதில் காளமேகத்தை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். ஆனால் கவனித்தீர்களா, அவரைப் பற்றிய கதைகளில் யாரும் "உனக்குத் தோன்றியதைப் பாடு" என்று கேட்டதே இல்லை. கையைக் காலைக் கட்டிவிட்டுத்தான் பாடச் சொன்னார்கள். முருகனைப் பாடு, ஆனால் "செருப்பு" என்று தொடங்கி "விளக்குமாறு" என்று முடி என்றார்களாம். அவர் "செருப்புக்கு" என்பதைச் "செரு புக்கு" என்று பிரித்தார். செரு என்றால் போர். போர்க்களம் புகுந்த முருகன் ஆகிவிட்டான். விளக்குமாறும் அப்படியே, விளக்கும் ஆறு, அதாவது விளக்கும் வழி, ஆனது. கதை உண்மையோ பொய்யோ, வெண்பா இருக்கிறது.

யாப்பு என்ற சொல்லுக்கே கட்டு என்றுதான் பொருள். கட்டை அவிழ்த்துவிட்டுப் பாடியிருந்தால் அந்த வெண்பா நூறோடு நூற்றொன்றாகப் போயிருக்கும்.

(என் வகுப்பில் ஒரு பையன் செருப்புக் கதையைக் கேட்டுவிட்டு, தேர்வில் எல்லாச் சொற்களையும் பிரித்து எழுதினான். "கடலை" என்பதைக் கடல் + ஐ என்றான். அரை மதிப்பெண் கொடுத்தேன்.)

---

சிக்குக்கோலம்

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஐந்தரைக்கட்டை எழுதியதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

6, 5, 4 என்கிறீர்களே, அது எங்கள் வாசலில் தினம் கிடக்கிறது!

ஊடுபுள்ளிக் கோலத்தில் "7 புள்ளி, 4 வரை" என்று சொல்வோம். நடுவில் 7 புள்ளி ஒரு வரிசை. அதற்கு மேலே இடைவெளிகளில் 6, அதற்கு மேலே 5, அப்புறம் 4. கீழேயும் அதே 6, 5, 4. ஒரு பக்கத்துக்கு 15. இரண்டு பக்கம் 30, நடு 7, ஆக 37 புள்ளி. நாற்பது வருடமாக வைக்கிறேன், இன்றைக்குத்தான் ஒரு பக்கத்துக்கு 15 என்று எண்ணிப் பார்த்தேன். உங்கள் ஸ்வரம் பாதிக் கோலம்.

வண்டல்மண் கேட்டதற்கு என் பதில். புள்ளி என் மாமியார் கொடுத்தது, அதில் நான் கை வைக்க முடியாது. கம்பி, அதாவது மாவுக்கோடு, எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது, தொடங்கிய இடத்தில் வந்து சேர வேண்டும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் அதே 37 புள்ளியில் நான் போடுவதும் எதிர் வீட்டில் போடுவதும் ஒன்றாக இருக்காது. வாசலைப் பார்த்தே யார் போட்டது என்று எங்கள் தெருவில் சொல்லிவிடுவார்கள். என் மகள் எங்கே வளைத்தாலும் கொஞ்சம் கூராக வளைப்பாள். சொல்லிக்கொடுத்து வந்ததல்ல அது. திருத்தியும் போகவில்லை.

தப்பு வந்தால் என்ன செய்வோம் என்றும் சொல்கிறேன். கம்பி ஒரு புள்ளியை விட்டுவிட்டால், வாசல் காய்வதற்குள் அழிக்கவும் நேரம் இல்லையென்றால், அந்தப் புள்ளியில் ஒரு சின்ன பூ வைத்துவிடுவோம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் அதே இடத்தில் பூவோடு போட்டிருப்பாள், ஏதோ புது மாதிரி என்று.

---

வண்டல்மண்

சிக்குக்கோலம் அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நோட்டில் 37 புள்ளி வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தை மூடிவிட்டு வரிசையைப் பாடினேன். என் கோர்வையில் முன்பகுதி அதேதான்: "ப த ஸ ரி ஸ த", அப்புறம் "த ஸ ரி ஸ த", அப்புறம் "ஸ ரி ஸ த". ஒவ்வொரு தடவையும் முதல் ஸ்வரம் உதிர்கிறது, அவ்வளவுதான்! இதை ஒரு வருடமாகப் பாடுகிறேன், உதிர்கிறது என்பதையே கவனிக்கவில்லை. எழுத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் தோன்றியது. பட்டறையில் ஒரு முகத்தின் நீளத்தைத் "தாளம்" என்கிறோம். தசதாளம், நவதாளம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். பாட்டிலும் தாளம். மூன்று வருடமாக இரண்டு இடத்திலும் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு, இரண்டு வேறு சொல் போலவே இருந்திருக்கிறேன்.

---

நேர்கோடு

சரி, முதல் பதிவில் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் என் சந்தேகம் தீரவில்லை, பெரிதாகிவிட்டது.

நான் கணினித் துறை. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் சேர்ந்து 1974-லேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். மொழிக்கு எழுதுவதுபோலச் சில விதிகள், அந்த விதிகளை ஓட்டினால் கோலம் வந்துகொண்டே இருக்கும். நான் படிக்கும்போது அதைப் பாடமாகவே படித்தோம். ஐந்தரைக்கட்டை சொன்ன 17 கழிக்கும் கணக்கையும் நான் பத்து வரியில் நிரலாக எழுதிவிடுவேன். எல்லாத் தாளத்துக்கும் எல்லா எடுப்புக்கும் கோர்வை கொட்டும்.

ஆக, விதிக்குள் செய்வதுதான் படைப்பு என்றால் இயந்திரமும் படைக்கிறது. அப்படி ஒப்புக்கொள்கிறீர்களா? இல்லையென்றால் விதிக்கு வெளியே ஏதோ இருக்கிறது, அது என்ன? கட்டைப் புகழ்ந்து எல்லோரும் பேசுகிறீர்கள், கட்டு மட்டும் போதுமா?

இன்னொன்று. அந்த அம்மாவின் குழம்பைப் பற்றி எல்லோரும் உருகப்போகிறீர்கள் என்று தெரியும். புளி வாங்கக் காசும் கடையும் இருந்திருந்தால் அவர் புளிக்குழம்புதான் வைத்திருப்பார். இல்லாமையைக் கலை என்று சொல்லி மாலை போடாதீர்கள்.

---

பாதிவிலை

கடைசி வரிக்கு என் கைதட்டல். விளம்பர நிறுவனத்தில் படம் வரைபவன் நான். "கட்டுப்பாடுதான் கற்பனையைத் தூண்டும்" என்று எனக்குச் சொல்லும் ஆள் எப்போதும் சம்பளத்தைக் குறைக்கப்போகும் ஆள்தான். மூன்று நாள் வேலையை ஒரு ராத்திரியில் கேட்டுவிட்டு அதைச் சவால் என்பார்கள்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரைப் பக்கம் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அவர் அப்போது எழும்பூர் கலைக் கல்லூரியில் முதல்வர். படித்து வெளியே வரும் பிள்ளைகள் வரைந்து பிழைக்க முடியாமல் வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள், அதுதான் கவலை. என்ன செய்தார்கள்? பாத்திக் துணி செய்து விற்றார்கள். காலையில் மெழுகும் சாயமும், மிச்ச நேரத்தில் அவரவர் ஓவியம். பணிக்கரின் அந்தக் காலத்து ஓவியங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஜாதகக் கட்டம், எழுத்துபோல இருந்தும் படிக்க முடியாத கிறுக்கல், கணக்கு நோட்டுபோல வரிசை. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் சமாச்சாரம் எல்லாம் அங்கே இருக்கும்.

பாத்திக் துணியால் ஓவியம் வந்தது என்று நான் சொல்லவில்லை. துணி சோறு போட்டது, ஓவியம் வேறு கணக்கு. இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொண்டதுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். நான் குழப்பிக்கொண்டேன். சொந்தமாக ஒரு படம் வரைந்து ஆறு வருடம் ஆகிறது. சரி, விடுங்கள்.

---

வேப்பமரத்தடி

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. தங்கச்சியின் கதையை வாசிக்க எனக்கு அளவெட்டிக் கோயில் திருவிழா நினைவு வந்தது. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஊர். அவர் காலமானது 1975-இல், எனக்கு நேரே கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. அப்பா கேட்டவர். ஊரில் தவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

நேர்கோடு அண்ணை கேட்கிறார் விதிக்கு வெளியே என்ன இருக்கு என்று. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கட ஊரில் இரவுத் திருவிழாவில் தவில்காரர் ஒரு கணக்கைத் தொடங்கினால், சுற்றி நிற்கிற சனத்தில் பத்துப் பேராவது தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நிற்பினம். முடிவு எங்கே விழும் என்று அவைக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பினம். அவர் முடிவுக்குக் கிட்ட வந்து, விழ வேண்டிய இடத்தில் விழாமல் ஒரு கணம் நிறுத்துவார். சனம் ஏமாந்து போகும். அப்புறம் சனம் எதிர்பார்க்காத இடத்தால் வந்து சரியான இடத்தில் போடுவார். "ஆ!" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கோ, அது தவிலின் சத்தமில்லை, சனத்தின் சத்தம்.

உங்கட நிரல் கோர்வையைக் கொட்டும், சரி. யாரை ஏமாற்றுகிறோம், இவர்கள் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பார்கள் என்று அதுக்குத் தெரியுமா? கணக்குத் தெரிந்த சனம் இல்லாவிட்டால் அந்தக் கலைஞரும் அங்கே அப்படி நிறுத்தியிருக்க மாட்டார். என் பிள்ளைகள் இங்கே பாட்டுப் படிக்கினம். நல்லாய்ப் பாடுவினம். கேட்கிற சனம்தான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கு.

---

நேர்கோடு

இது நல்ல பதில். யோசிக்கிறேன்.

---

இட்லிப்பொடி

மாங்காய் வற்றல் குழம்பில் வெந்தயம் போட வேண்டுமா, கூடாதா? யாராவது சொல்லுங்கள்.

---

காவலாளி (மட்டுறுத்துநர்)

இதன் கீழே வந்த வெந்தயச் சண்டை, 31 பதிவுகள், சமையல் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது. அங்கேயும் மரியாதையாகச் சண்டை போடவும்.

---

ஐந்தரைக்கட்டை

வேப்பமரத்தடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புதிது என்பது எப்போதும் உள்ளேயிருந்தே பிறக்க வேண்டும் என்றும் இல்லை. நான் வாசிக்கும் வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டோடு கொஞ்சம் வயலினும் தெரியும். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடம் கற்று நம் பாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். 200 வருடம்தான் ஆகிறது. வாத்தியம் அதேதான், ஒரு ஆணிகூட மாற்றவில்லை. மாற்றியது என்ன? நின்றுகொண்டு தோளில் வைப்பதைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றிக்கொண்டார்கள். அதனால் இடதுகைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாமல் போனது. கை சும்மா இருந்தால் வழுக்கும். வழுக்கினால் கமகம், ஸ்வரத்தை அசைத்து இழைப்பது. தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று சேர்த்தார்கள். இன்றைக்கு அதை அந்நிய வாத்தியம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அண்ணன் தீட்சிதரும் சும்மா இல்லை. வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் (பாடல் வரிகள்) செய்தார். அதைத்தான் நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டும் அதில் இருக்கிறது. மெட்டு முழுக்க முழுக்க இன்னொருவருடையது. நேர்கோடு அதை விடைத்தாள் பார்த்து எழுதியது என்பாரா?

---

நேர்கோடு

என் பெயரை இழுக்காமல் யாருக்கும் தூக்கம் வராது போல. இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கிருந்து எடுத்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. நான் முதல் பதிவில் எரிச்சல்பட்டது எழுதிவைத்ததற்காக அல்ல, "அப்போதுதான் தோன்றியதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு" என்ற வரிக்காக. முகத்தைத்தான் சொன்னேன்.

---

வண்டல்மண்

அந்த வரியை எழுதும்போதே எனக்கும் குத்தியது.

இழையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இல்லாமைக்கு மாலை போடாதீர்கள் என்ற இடத்தில் அம்மா "கரெக்டாத்தான் சொல்றார்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஆனா இப்ப புளி இருக்கற அன்னிக்கும் வாரத்துல ஒரு நாள் மாங்கா வத்தல்லதானே வைக்கறேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "நல்லா இருக்குல்ல" என்றார். நேர்கோடு அண்ணா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பட்டறைப் பெரியவரிடமும் கேட்டேன், வேறு விதமாக. ஓலைதான் எல்லாவற்றையும் சொல்கிறதே, அப்படியென்றால் நீங்கள் செய்த சிலையையும் உங்கள் தம்பி செய்ததையும் எப்படி அடையாளம் தெரிகிறது என்று. அவர் சிரித்தார். ஓலை இரண்டு புள்ளிக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று சொல்லும், அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்று சொல்லாது என்றார். தோளிலிருந்து முழங்கை வரை அளவு இருக்கிறது, சதை எங்கே திரண்டு எங்கே அடங்க வேண்டும் என்பது விரலில் இருக்கிறது. மெழுகில் குங்கிலியம் சேர்த்திருப்பதால் சூடாக இருக்கும்போது விரல் சொன்னதைக் கேட்கும், ஆறினால் கேட்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அதன் மேல் வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகு ஓடிப்போய், உலோகம் ஊற்றியபின் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறோம். அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. அடுத்த சிலைக்கு மறுபடி ஓலை, மறுபடி மெழுகு.

சிக்குக்கோலம் அம்மா சொன்னதும் இதுதானே? புள்ளி மாமியார் கொடுத்தது, கம்பி அவர்களுடையது.

---

சிக்குக்கோலம்

என் மாமியாரை ஸ்தபதி ஆக்கிவிட்டாய். இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வெளியே காட்டியிருக்க மாட்டார்.

---

வண்டல்மண்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். யாராவது இன்னும் இருக்கிறீர்களா?

டீச்சரிடம் போய், நோட்டு வேண்டாம் என்று சொல்ல தைரியம் இல்லை. அதற்குப் பதில், "கோர்வை மட்டும் எழுதிக் கொடுங்கள், மிச்சத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நோட்டை மூடிவைத்து, "பாடு, நான் தாளம் போடறேன்" என்றார்.

முதல் நாள் பரிதாபம். ஒரு ஆவர்த்தனத்துக்குள் கபகப, தபதப என்று ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். மோகனத்துக்கு அஞ்சு ஸ்வரம்தான், அதிலும் மூன்றைத்தான் என் தொண்டைக்குத் தெரிந்திருக்கிறது. ரிஷபத்தில் (ரி) நிற்கலாம் என்றே இத்தனை வருடம் தோன்றவில்லை, நோட்டில் அங்கே நிற்கவில்லை என்பதால். ஒரு வாரம் ரிஷபத்தில் மட்டும் முடிக்கும்படி பாடச் சொன்னார். அழுகை வந்தது. பத்தாவது நாள் என்று நினைக்கிறேன், ரிஷபத்திலிருந்து தைவதத்துக்கு (த) ஒரு தாவு தாவினேன், ஏன் என்று தெரியாது. டீச்சர் தாளம் போட்டுக்கொண்டே புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான் நடந்தது. கோர்வையில் வந்து மறுபடி ஒரு மாத்திரை தப்பியது! இந்தத் தடவை தப்பியது எங்கே என்று தெரிந்தது, அடுத்த இடைவெளியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சமத்தில் வந்து விழுந்தேன். அழகாக இல்லை. வந்து சேர்ந்தேன்.

வரும் வாரம் ஒன்றரை இடத்தில் எடுக்கும் ஒரு கிருதி தொடங்குகிறார். 8, 7, 6.

---

ஐந்தரைக்கட்டை

அந்த டீச்சருக்கு என் நமஸ்காரத்தைச் சொல். நோட்டை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும். நானும் இந்த வாரம் இரண்டு பிள்ளைகளுக்கு மூடிப் பார்த்தேன். ஒருத்தி அம்மாவிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டாள்.

---

பாதிவிலை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மேல் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்து ஒன்று வரைந்தேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அனுப்பப்போவதும் இல்லை. இங்கே சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

---

நேர்கோடு

மாங்காய் வற்றலுக்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கிடையில் ஒரு கணக்கு. 6, 5, 4-க்கு நடுவில் 7 வைத்தால் 37 புள்ளி. அப்படியானால் 8, 7, 6-க்கு நடுவில் 9 வைக்க வேண்டும். ஒரு பக்கம் 21, இரண்டு பக்கம் 42, நடு 9. 51 வருகிறதா? சிக்குக்கோலம் அம்மா, 51 புள்ளியில் கம்பி ஒரே சுற்றாக முடியுமா, அல்லது இரண்டாகப் பிரியுமா? நிரலை ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் கையால் போட்டவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

---

சிக்குக்கோலம்

9 புள்ளி, 6 வரை. வருகிறது, 51தான். ஒன்றாக முடியுமா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது மழை, வாசலில் தண்ணீர் நிற்கிறது. மார்கழி பிறக்கட்டும், சொல்கிறேன்.